காப்பி விடுதியில் விளைந்த கூட்டுறவு

பிழைப்பின் பொருட்டுத் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் வந்த நம்மவர் பலர், விசிறி மடிப்புத் தலைப்பாகை அணிந்த பரிசாரகர் கொணர்ந்து வைத்த காப்பியில் ஊர் நினைவைச் சற்றே ஆற்றிக்கொண்டவர்கள். (கள்ளிச்சொட்டுப் போன்ற டிகாக்‌ஷன் அங்குக் கிட்டியதா என்று கேளாதீர்கள், அது வேறு வழக்கு.) அந்தப் பரிசாரகரே விடுதியின் உரிமையாளருள் ஒருவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் காப்பியின் விலை வீழ்ந்தது. குடகிலும் சிக்மகளூரிலும் விளைந்த கொட்டைக்கு உள்நாட்டிலேயே சந்தை தேட வேண்டியதாயிற்று. அம்முயற்சியில், 1936இல் பம்பாய்ச் சர்ச்கேட்டில் முதல் இந்தியா காப்பி ஹவுஸ் திறக்கப்பெற்றது. பின்னர்க் காப்பி வாரியத்தின் பொறுப்பில் இவ்விடுதிகள் பல நகரங்களுக்கும் பரவின.

1950களின் நடுவில் வாரியம் அவற்றை மூடிவிடத் துணிந்தது. தட்டேந்திப் பிழைத்தவர்கள் தெருவில் நிற்கும் நிலை வந்தது. அப்போது தொழிலாளர் பக்கம் நின்றவர், மக்களவை உறுப்பினரான ஏ. கே. கோபாலன். வேலையை மட்டும் கேட்காமல், விடுதிகளையே தொழிலாளரிடம் ஒப்படைக்குமாறு கேட்டதுதான் அவர் காட்டிய வழி. வாரியமும் இசைந்தது. 1957 ஆகஸ்டில் பெங்களூரிலும், அவ்வாண்டு டிசம்பரில் தில்லியிலும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1958 மார்ச்சில் திருச்சூரில் கேரளத்தின் முதல் விடுதி திறந்தது. மேசை துடைத்தவரும் கணக்கு எழுதியவரும் பொதுப்பேரவையில் ஒரே வாக்குக்கு உரியவராயினர். கேரள விடுதிகளில், துப்புரவுப் பணியில் நுழைந்தவர் படிப்படியாக உயர்ந்து மேலாளராவதும் உண்டு. முதலாளியின் தயவால் கிட்டிய உயர்வன்று அது.

ஆயினும் தொழிலாளரின் உழைப்பு மட்டும் விடுதியைக் காத்துவிடவில்லை. கல்கத்தா கல்லூரித் தெருவில், பழைய ஆல்பர்ட் ஹாலில் இயங்கிய விடுதி 1958இல் மூடப்படும் நிலையை எய்தியபோது, பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர்களும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அரசிடம் விண்ணப்பித்தனர். அவ்வாண்டே கதவு மீண்டும் திறந்தது. ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதிட்டவர்கள், விடுதிக்கு இழப்பு விளைத்தவர்கள் என்றே நாம் எண்ணியிருப்போம்!

கூட்டுறவின் நலிவு வேறிடத்தில் இருந்தது. விடுதி தொழிலாளருடையதாயினும், பல ஊர்களில் கட்டடம் பிறருடையது. நகரின் நடுவே நிலமதிப்பு ஏற ஏற, மலிவு விலைக் காப்பி அங்கே நிலைப்பது அரிதாயிற்று. பெங்களூரில் அரை நூற்றாண்டு நிலைத்திருந்த மகாத்மா காந்தி சாலை விடுதி 2009இல் அவ்விடத்தை விட்டு நீங்கிற்று. தொழிலாளர்கள் கலைந்துவிடவில்லை, அருகிலுள்ள சர்ச் தெருவில் மீண்டும் அடுப்பை மூட்டினர்.