ஆக்சிஜன் குறைவும் செல் ஒட்டுதலும்

திசுக்களுக்குத் தேவையான அளவு ஆக்சிஜன் கிடைக்காத நிலைக்கு ஹைப்பாக்சியா என்று பெயர். இந்த நிலையில் நோய் எதிர்ப்புச் செல்களும் புற்றுநோய்ச் செல்களும் தம் பரப்பிலுள்ள ஒட்டுப் புரதங்களை மாற்றிக்கொள்கின்றன. வெள்ளையணுக்கள் இரத்தக்குழாயின் உட்சுவரில் அதிகமாக ஒட்டுகின்றன. புற்றுச் செல்கள் பக்கத்துச் செல்லின் பிடியை விட்டு, வேறிடங்களில் ஒட்டிக்கொள்ளும் திறனைப் பெறுகின்றன. இரண்டிலும் பெரும்பங்கு வகிப்பது எச்ஐஎஃப்-1 என்ற ஒரே புரதம்தான்.

புற்றுக்கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவு என்பதைக் கண்முன் காட்டியவர்கள் இங்கிலாந்தின் தாம்லின்சனும் கிரேயும். கதிர்வீச்சு அளவின் அலகுக்கு இந்த கிரேயின் பெயர்தான் சூட்டப்பட்டிருக்கிறது. நுரையீரல் புற்றின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1955இல் தம் முடிவை வெளியிட்டார்கள். இரத்தக்குழாய் உள்ள விளிம்பை ஒட்டிச் செல்கள் உயிரோடு இருந்தன; உள்ளே போகப் போக அழிந்துகிடந்தன. உயிருள்ள அடுக்கின் தடிப்பு ஏறக்குறைய 180 மைக்ரானைத் தாண்டவில்லை. ஆக்சிஜன் ஊடுருவிச் செல்லக்கூடிய தொலைவும் ஏறக்குறைய அவ்வளவே என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். கதிர்வீச்சு சிகிச்சை ஏன் சில கட்டிகளில் தோற்கிறது என்பதே அன்று அவர்களுடைய கவலை. ஒட்டுதல் அவர்களுடைய கேள்வியாக இருக்கவில்லை.

ஒட்டுதல் ஆராய்ச்சி தனிப் பாதையில் வளர்ந்தது. ஜப்பானின் மசதோஷி தகேய்ச்சி, கால்சியம் இருந்தால் மட்டுமே செல்களைப் பிணைக்கும் புரதங்களைக் கண்டறிந்தார். 1984இல் அவற்றுக்கு கேட்ஹெரின் என்ற பெயர் வந்தது. வெள்ளையணுக்களின் பிடிப்புக்குக் காரணமான பீட்டா-2 இன்டெக்ரின்களும் 1980களிலேயே அடையாளம் காணப்பட்டன. அவற்றின் அருமையை உணர்த்தியவர்கள் சில குழந்தைகள். பிறவியிலேயே இந்தப் புரதம் இல்லாத குழந்தைக்குத் தொப்புள்கொடி உதிர வாரக்கணக்கில் தாமதமாகும். திரும்பத் திரும்பத் தொற்று வரும். ஆனால் புண்ணில் சீழ் பிடிக்காது. இரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏராளமாக இருந்தும், குழாய்ச் சுவரில் கெட்டியாக ஒட்டி நின்று வெளியேற அவற்றால் முடிவதில்லை.

இரு பாதைகளும் சந்திக்க வழி செய்தது 1992இல் கிரெக் செமென்சாவும் குவாங் வாங்கும் எச்ஐஎஃப்-1ஐக் கண்டறிந்தது. ஆக்சிஜன் போதுமானபோது இதன் ஆல்ஃபா கூறு உடனுக்குடன் சிதைக்கப்படுகிறது. குறைந்தபோது அது நிலைத்து நின்று, பல நூறு மரபணுக்களை இயக்குகிறது. செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த முறையை விளக்கியதற்காக செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆக்சிஜன் குறைந்தால் இரத்தக்குழாயின் உட்படலத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூடுதலாக ஒட்டுகின்றன என்று 1990களின் தொடக்கத்திலேயே ஆய்வுக்கூடங்கள் காட்டியிருந்தன. 2004இல் சீன் கோல்கன் உள்ளிட்டோர், பீட்டா-2 இன்டெக்ரின் மரபணுவையே எச்ஐஎஃப்-1 தூண்டுகிறது என்று நிறுவினர். இதற்கு ஒரு கடிவாளமும் உண்டு. அதே ஆக்சிஜன் குறைவு சிடி73 என்ற நொதியையும் பெருக்குகிறது. அது உண்டாக்கும் அடினோசின், வெள்ளையணு ஒட்டுதலைத் தணிக்கிறது. காயத்தில் அளவுமீறிய அழற்சியைத் தடுக்கும் இந்த நல்ல ஏற்பாடு, புற்றுக்கட்டிக்குள் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களை முடக்கிப் புற்றுக்கே காவலாகிவிடுகிறது.

புற்றுச் செல்களைப் பற்றிய முக்கியமான ஆண்டு 2006. சிறுநீரகப் புற்றில் விஎச்எல் என்ற மரபணு பழுதானால், ஆக்சிஜன் இருந்தும் எச்ஐஎஃப் ஓயாமல் இயங்கும். அதனால் செல்களைப் பிணைக்கும் இ-கேட்ஹெரின் குறைகிறது என்று செமென்சா குழு உள்ளிட்டோர் காட்டினர். 2008இல் தைவான் ஆய்வாளர்கள், எச்ஐஎஃப்-1 நேரடியாகத் தூண்டும் ட்விஸ்ட் என்ற புரதம் செல்களை அவிழ்த்துவிடுவதை விளக்கினர். ஆனால் அவிழ்வது கதையின் பாதிதான். 2006இலேயே ஸ்டான்ஃபோர்டின் எர்லர், ஜாக்கியா குழு, ஆக்சிஜன் குறைந்த செல்கள் சுரக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி கொலாஜனை இறுக்கிப் பிணைத்து, செல்கள் பற்றி ஊர்ந்துசெல்ல வழி அமைக்கிறது என்று கண்டது. அந்த நொதியைத் தடுத்தபோது எலிகளில் புற்று பரவுவது நின்றது. 2012இல் செமென்சா குழு, ஆக்சிஜன் குறைந்த மார்பகப் புற்றுச் செல்கள் எல்1கேம் என்ற புரதத்தால் இரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்வதைக் காட்டியது.

எனவே ஆக்சிஜன் குறைந்தால் ஒட்டுதல் கூடுமா, குறையுமா என்று பொதுவாகக் கேட்பது பயனற்றது. எந்தச் செல், எதன்மேல் என்று சொல்லித்தான் கேட்க வேண்டும்.

மருத்துவப் பயன் மெதுவாகவே வருகிறது. லைசில் ஆக்சிடேஸின் உறவு நொதி ஒன்றைத் தடுக்கும் சிம்டுசுமாப், கணையப் புற்றிலும் பெருங்குடல் புற்றிலும் பலன் தரவில்லை. எச்ஐஎஃப்-1இன் உறவுப் புரதமான எச்ஐஎஃப்-2ஐத் தடுக்கும் பெல்சுட்டிஃபான், விஎச்எல் மரபணுப் பழுதால் வரும் நோய்க்கு 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இத்துறையின் ஆய்வறிக்கைகளைப் படிப்பவர் ஒன்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூட இன்குபேட்டரில் செல்கள் வளர்வது ஏறத்தாழ 18 முதல் 20 விழுக்காடு ஆக்சிஜனில். உடலின் பெரும்பாலான திசுக்களில் இருப்பதோ 10 விழுக்காட்டுக்கும் குறைவு. கட்டிகளின் உட்பகுதியில் 1 விழுக்காட்டுக்கும் கீழே போகும். ‘இயல்பான ஆக்சிஜன்’ என்று எழுதியிருந்தால், அது எத்தனை விழுக்காடு என்று தேடிப் பாருங்கள்.