லயத்து வீடு: ஓர் அறைக்குள் ஒரு குடும்பம்

லயத்து வீடு என்றதும் நம்மில் பலருக்கு வறுமைதான் நினைவுக்கு வரும். அது உண்மைதான். ஆனால் அந்தச் சிறிய இடத்தை நம் பாட்டிமார்கள் ஆண்ட திறமையும் நம் வரலாறுதான்.

கிள்ளானுக்குத் தெற்கே இருக்கும் கேரி தீவு, எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் தோட்டத் துரையின் பெயரைத் தாங்கியது. முதலில் ரப்பர், பிறகு செம்பனை. இதுபோன்ற தோட்டங்களுக்குச் சென்னை மாகாணத்திலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். 1938இல் இந்திய அரசு தடை விதித்த பிறகே அது நின்றது.

அந்நாளில் தோட்டங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஓர் அறைதான். ஏறத்தாழ பத்தடிக்குப் பத்தடி. முன்னால் ஓர் அஞ்சடி. விடிந்ததும் பாயைச் சுருட்டி வைத்தால் படுக்கையறை கூடமாகிவிடும். துணிமணி வைத்த தகரப் பெட்டி விருந்தாளிக்கு நாற்காலி. உத்தரத்தில் சேலையைக் கட்டினால் தொட்டில். அதே சேலையைக் கயிற்றில் போட்டால் புதுமணத் தம்பதிக்குத் தனியறை. மாலையில் அஞ்சடி பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். இரவில் ஆண்களுக்குப் படுக்கை. கல்யாணமோ துக்கமோ, வாசலில் பந்தல் போட்டால் லயமே ஒரு மண்டபம்.

ஐரோப்பாவில் வட மாசிடோனியாவின் பழைய வீடுகளிலும் இதே வழக்கம் இருந்தது. படுக்கையை மடித்துச் சுவர் அலமாரியில் வைத்துவிட்டு, அதே அறையில் தாழ்வான மேசையைச் சுற்றி அமர்ந்து சாப்பிடுவார்கள். அத்தகைய பழைய வீடுகள் நிறைந்த ஓஹ்ரிட் நகரம் 1980 முதல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைச் சின்னமாகவும் போற்றப்படுகிறது. ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட வீடு அது. நமக்கோ சுவரும் கூரையும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும்.

அப்படித்தான் போயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. நம் மக்களில் பலர் மலிவு விலை அடுக்குமாடிக்குச் சென்றார்கள். அறைகள் கூடின, அஞ்சடி இல்லை. ஒரு சாவு வீட்டுக்குப் பத்துப் பேர் வந்தால் நிற்க இடமில்லை.

லயத்து வாழ்க்கை திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எஞ்சியிருக்கும் லயங்களை இடிப்பதற்கு முன் அளந்து, படமெடுத்து, அங்கு வாழ்ந்த பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வோம். மக்களுக்கு வீடு கட்டுகிறவர்கள் அறைகளை மட்டும் எண்ணாமல், நாலு பேர் கூட ஓர் இடமும் விட வேண்டும்.