ஜேர்மனியின் முதல் பள்ளிவாசல் எழுந்த வூன்ஸ்டோர்ஃப்



"ஜேர்மனியின் முதல் பள்ளிவாசல்" என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம் நம் குழுக்களில் அடிக்கடி வருகிறது. நாமும் மாஷா அல்லாஹ் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். அந்தப் பள்ளி ஏன் கட்டப்பட்டது என்று கொஞ்சம் பார்ப்போம்.

பேர்லினுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது வூன்ஸ்டோர்ஃப். இன்று சோசன் நகரசபைக்குள் அடங்கிய சிற்றூர். மணல் நிலம், பைன் காடு, ஓர் ஏரி, பேர்லினிலிருந்து டிரெஸ்டன் போகும் ரயில் பாதை. விவசாயத்துக்குப் பெரிதாக உதவாத மண். ஆனால் தலைநகருக்குப் பக்கம், ரயிலும் உண்டு. இராணுவத்துக்கு வேறென்ன வேண்டும்?

1914 நவம்பரில் ஜேர்மனியின் கூட்டாளியான உதுமானிய சுல்தான் ஜிஹாத் அறிவித்தார். பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகளில் போரிட்டுப் பிடிபட்ட முஸ்லிம்களைத் தம் பக்கம் திருப்பலாம் என்று ஜேர்மனியர் கணக்குப் போட்டார்கள். அதற்கு யோசனை சொன்னவர்களில் முக்கியமானவர் மக்ஸ் ஃபொன் ஒப்பன்ஹைம். அப்படி எழுந்ததுதான் 'பிறை முகாம்'. வட ஆபிரிக்கரும் இந்தியரும் அங்கே அடைக்கப்பட்டார்கள். இந்தியரில் இந்துக்களும் சீக்கியரும்கூட இருந்தார்கள். 1915 ஜூலையில் குவிமாடமும் மினாராவும் வைத்து மரத்தால் பள்ளி கட்டிக் கொடுத்தார்கள். நோன்பு, பெருநாள், ஹலால் இறைச்சி எல்லாவற்றுக்கும் வசதி இருந்தது. 'அல்ஜிஹாத்' என்று முகாமுக்கென்றே ஒரு பத்திரிகையும் அச்சானது. மார்க்கத்தின் மீதான மரியாதை என்று இதைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

கைதிகளின் மனதில் என்ன இருந்தது? ஜேர்மன் அறிஞர்கள் மொழி ஆய்வுக்காக அவர்களது குரல்களைப் பதிவுசெய்தார்கள். அந்த இசைத்தட்டுகள் பேர்லினில் இன்றும் இருக்கின்றன. 1916 டிசம்பரில் மல் சிங் என்ற சீக்கியச் சிப்பாய், யாரோ ஒருவனின் கதை போலத் தன் கதையைச் சொல்கிறார். ஊரில் வெண்ணெய் சாப்பிட்ட ஒருவன் இந்தப் போரில் வந்து மாட்டிக்கொண்டான், அவனுக்கு வீடு போக வேண்டும். அவ்வளவுதான் கதை.

போர் முடிந்ததும் பள்ளியைக் கவனிக்க ஆளில்லை. பழுதடைந்து, 1920களின் நடுவில் அகற்றப்பட்டது.

ஊரை மட்டும் இராணுவம் விடவில்லை. ஹிட்லரின் தரைப்படைத் தலைமையகம் இங்கே, வீடுகள் போல வேஷம் போட்ட பதுங்கு அரண்களில் இயங்கியது. 1945க்குப் பின் சோவியத் படை வந்தது. மொஸ்கோவுக்கு நேரடி ரயில் விட்டு 'சின்ன மொஸ்கோ' என்று பெயரெடுத்த இடத்துக்குள் ஜேர்மனியர் நுழைய முடியாது. 1994இல் அவர்களும் போனார்கள். லெனின் சிலை இன்னும் நிற்கிறது.

பள்ளி இருந்த பக்கத்து வீதியின் பெயர் இன்றும் 'பள்ளிவாசல் வீதி'தான். முகாமில் மௌத்தான 206 இந்தியர், பக்கத்திலுள்ள சேரென்ஸ்டோர்ஃப் மயானத்தில் இருக்கிறார்கள். முஸ்லிம், இந்து, சீக்கியர் எல்லோரும் அந்த ஒரே இடத்தில்தான்.