கயிற்றின் இரு முனைகள்: பணிக்கரும் தனி வெடிக்காரரும்

இலங்கைச் சோனகரின் வரலாறு என்றதும் நமது எழுத்தாளர்கள் கப்பல், கடை, கறுவா, மாணிக்கம் என்று தொடங்கிவிடுவார்கள். அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த வரலாற்றில் காடு வருவதில்லை. கிழக்கிலும் வன்னியிலும் தலைமுறை தலைமுறையாகக் காட்டோடு பிழைத்த சோனகர் கூட்டம் ஒன்று இருந்தது. பணிக்கர் என்று அவர்களைச் சொல்வார்கள். காட்டு யானையை உயிரோடு பிடிப்பது அவர்களது தொழில். ஏறாவூர்ப் பக்கம் அந்தப் பெயரை இன்றும் மறக்காதவர்கள் உண்டு.

இந்தக் கட்டுரையில் நான் பேச விரும்புவது பணிக்கரின் வீரத்தைப் பற்றியல்ல. அதைப் பலர் வியந்து எழுதிவிட்டார்கள். நான் எடுத்துக்கொள்வது ஒரு சின்னக் கேள்வி: காட்டுக்குள் வேட்டைக்குத் தனியாகப் போவதா, துணையோடு போவதா? காடு தெரியாதவருக்கு இது வெறும் பாதுகாப்புப் பற்றிய கேள்வியாகத் தோன்றும். இலங்கையின் கடந்த இருநூறு ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் அது அதைவிடப் பெரிய கேள்வி.

முதலில் பணிக்கர். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தனது நூலில் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சோனகக் கிராமங்களில் வாழ்பவர்கள் என்றும், இந்தியாவுக்கு அனுப்பும் யானைகளைப் பிடிப்பதில் பெயர்பெற்றவர்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். அந்த வணிகம் அவர் காலத்தில் தொடங்கியதல்ல. ஒல்லாந்தர் ஆட்சியில் வன்னித் தலைவர்கள் திறையாகவே யானை கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் யானை விற்பனை நடந்தது; கடல் கடந்து வணிகர்கள் வந்து வாங்கினார்கள். ஆனையிறவு என்ற ஊர்ப்பெயரே அந்தப் போக்குவரத்தின் மிச்சம்தான்.

யானையைப் பிடிக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நூற்றுக்கணக்கான ஆட்களைத் திரட்டி, பறையடித்து, தீவட்டி பிடித்து, ஒரு மந்தையையே மரவேலிப் பட்டிக்குள் துரத்துவது. அதற்கு அரசாங்கம் வேண்டும், பணம் வேண்டும், ஊர் ஊராக ஊழியத்துக்கு ஆள் வேண்டும். இந்த முறையில் கடைசியாக யானை பிடித்தது 1950இல் பனாமுறையில். மற்றது பணிக்கரின் வழி. அதற்கு வேண்டியது மான் தோலிலோ எருமைத் தோலிலோ முறுக்கிய ஒரு வார்க்கயிறும் இரண்டு ஆட்களும்.

இரண்டே ஆட்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு யானையைப் பிடிக்க இரண்டு பணிக்கர் போதும் என்பதுதான் டெனன்ட்டை வியக்கவைத்தது. முதலில் தடம் பார்ப்பார்கள். யானையின் முன்காலடிச் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் அதன் தோள் உயரம் ஏறத்தாழ வந்துவிடும். ஆகவே யானையைக் காணுமுன்பே அதன் அளவு அவர்களுக்குத் தெரியும். பிறகு காற்று வீசும் திசையைப் பார்த்து, தங்கள் வாடை யானைக்குப் போகாத பக்கமாக நெருங்குவார்கள். ஒருவர் சுருக்கோடு பின்னால் ஊர்ந்துபோய், யானை காலைத் தூக்கும் தருணம் பார்த்து மாட்டுவார். கால் தூக்கவில்லையென்றால் மெல்லத் தொட்டுத் தூக்கவைப்பதும் உண்டு. சில வேளை சுருக்கை நிலத்தில் விரித்து இலைகளால் மூடி வைப்பார்கள். சுருக்கு விழுந்த அடுத்த கணம் கயிற்றின் மறுமுனை ஒரு மரத்தைச் சுற்றியாக வேண்டும். யானை திரும்பிப் பாய்ந்தால் மற்றவர் முன்னால் குதித்து, சத்தமிட்டு, அதன் கோபத்தைத் தன்பக்கம் இழுப்பார். அந்த இடைவெளியில் முதலாமவர் மரத்தில் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிவிடுவார்.

இந்த வேலையைத் தனியாள் செய்ய முடியாது. எவ்வளவு துணிச்சல் இருந்தாலும் முடியாது. சுருக்கு மாட்டும் கை யானையின் காலடியில் இருக்கும்போது, அந்த யானையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க இன்னொரு சோடிக் கண் வேண்டும். இருவரும் ஒரே காற்றுக்குக் கீழே, ஒரே மௌனத்தில் நகர வேண்டும். ஒருவர் தும்மினால் இருவருக்கும் முடிவு. யாரைத் துணையாகக் கூட்டிப் போவது என்பது அவர்களுக்கு உயிர்ப்பிரச்சினை. அண்ணன் தம்பியோ மச்சானோ மாமன் மகனோ, பேசாமலே கருத்து விளங்குகிற ஆளாக இருந்தாக வேண்டும்.

பிடித்தபின் வேலை இன்னும் கூடும். கட்டிய யானையை விட்டுவிட்டு ஊருக்கு ஓடிவர முடியாது. அதன் பக்கத்திலேயே வாடி போட்டு, நெருப்பு மூட்டி, தண்ணியும் தீனியும் கொடுத்து, அது அடங்கும்வரை காட்டிலேயே கிடக்க வேண்டும். ஒருவர் உறங்க மற்றவர் விழித்திருப்பார்.

இதில் மார்க்கத்தின் பங்கு ஒன்றும் உண்டு என்று நினைக்கிறேன். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் யானை இறைச்சி ஹராம். செத்த யானையால் சோனகக் குடும்பத்துக்குச் சோறும் இல்லை, கறியும் இல்லை. உயிரோடு நிற்கும் யானைக்குத்தான் விலை. கொம்பு விற்கலாமே என்று கேட்கலாம். இலங்கை யானைகளில் கொம்பன் மிகச் சிலவே. பெரும்பாலான ஆண் யானைகளுக்கும் கொம்பு இல்லை. ஆக, கொல்லாமல் பிடிப்பது அவர்களுக்குப் பிழைப்பின் கணக்காகவே இருந்தது.

இனி அதே காலத்தில் அதே காட்டில் நடந்த இன்னொரு வேட்டையைப் பார்ப்போம். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் றொஜர்ஸ் 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாக டெனன்ட் எழுதுகிறார். கப்டன் கால்வே அதில் பாதிக்குமேல். வீதி அமைத்துப் புகழ்பெற்ற மேஜர் ஸ்கின்னர் ஏறத்தாழ அதேயளவு. றொஜர்ஸ் 1845 ஜூன் மாதம் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவரது கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. சாமுவேல் பேக்கர் என்ற இன்னொரு வேட்டைக்காரர் தனது இலங்கை வேட்டைகளைப் புத்தகமாகவே எழுதினார்.

இந்த எழுத்துகளை வாசிக்கும்போது நமது மனதில் பதியும் உருவம் ஒன்றுதான்: அடர்ந்த காடு, பாய்ந்துவரும் யானை, அதன் முன்னால் துவக்கோடு தனியே நிற்கும் ஒரு வெள்ளைக்காரர். அந்தத் தனிமை எழுத்தில்தான் இருந்தது, காட்டில் இருக்கவில்லை. தடம் பார்த்துக் கூட்டிப்போனவர் உள்ளூர்க்காரர். இரண்டாவது துவக்கை நிரப்பிக் கையில் கொடுத்தவர் உள்ளூர்க்காரர். சாமான் சுமந்தவர், சமைத்தவர், செத்த யானையின் வாலை வெட்டி எடுத்தவர் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். காடு தேர்ந்த சோனகரும் அவர்களில் இருந்தார்கள். பேக்கரே அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் கணக்கு எழுதும்போது இலக்கம் ஒருவருடைய பெயரில் ஏறியது. 1400 என்ற இலக்கத்தின் பின்னால் எத்தனை தடம்பார்ப்பவர்கள் இருந்தார்கள் என்று எவரும் எண்ணவில்லை.

தனி வேட்டைக்கு ஒரு நியாயமும் இல்லையா? உண்டு. மானும் மரையும் வேறு. கோடையில் குளம் குட்டை வற்றி ஒரே மோட்டையில் தண்ணி கிடக்கும்போது, அதன் ஓரத்தில் இரவிருந்து காத்திருப்பதற்கு ஒருவர்தான் நல்லது. இரண்டு பேர் என்றால் இரண்டு வாடை, இரண்டு இருமல். எங்கள் ஊரில் பழைய வெடிக்காரர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். தனியே இருந்து வெடிவைத்தவரின் கதை எப்போதும் சுவையானது. ஆனால் அந்தக் கதைகளுக்கு ஒரு பின்பாதி உண்டு. அதைச் சொல்பவர்கள் குறைவு. வெடிபட்ட மரை அந்த இடத்திலேயே விழுவதில்லை. இரத்தத் தடம் பிடித்து இருட்டில் போக வேண்டும். உயிர் போகுமுன் எட்டிப் பிடித்து அறுக்க வேண்டும். தண்ணிக்குள் விழுந்து செத்துக்கிடந்தால் ஆகாது என்று நபிமொழி இருக்கிறது. வழியில் கரடி நிற்கலாம். நமது காட்டுக் கரடி ஆளைக் கண்டால் முகத்துக்குத்தான் பாயும். எல்லாம் தப்பி மரையைக் கண்டாலும், 200 கிலோவைத் தாண்டும் ஒரு கொம்பனை ஒராள் எப்படிச் சுமப்பது? கொஞ்சத்தை எடுத்து மிச்சத்தை விட்டுவிட்டு வர வேண்டியதுதான். காத்திருக்கத் தனிமை நல்லது. காத்திருந்ததை முடிக்கத் துணை வேண்டும்.

அதனால்தான் நமது பெரியவர்கள் காடு, கடல் எதுவானாலும், "தனியப் போகாத மகன், ஆரையாச்சும் கூட்டிட்டுப் போ" என்று சொல்லி அனுப்பினார்கள். இரவில் தனியே பயணம் செய்வதன் ஆபத்தை உணர்த்தும் நபிமொழி புகாரியில் இருக்கிறது. அது அவர்களுக்கு வேதப்படிப்பாக மட்டும் இருக்கவில்லை. காட்டில் அதன் பொருளைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள்.

துவக்குத்தான் இந்தப் பழக்கத்தை உடைத்தது. கயிறு யானைக்குப் பக்கத்தில் வரச் சொன்னது. துவக்கு தூரத்தில் நிற்க விட்டது. கயிறு துணை கேட்டது. துவக்குக்கு ஒரு விரல் போதும். அரசாங்கமும் யானைத் தலைக்குச் சில ஷில்லிங் வெகுமதி வைத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகளுக்கு அந்த வெகுமதி கோரப்பட்டது. 1851 முதல் 1856 வரை காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடைப்பட்ட பகுதியில் 2000. இப்படி ஒழித்துக்கட்டியபின், 1891இல் யானைகளை வீணாகக் கொல்வதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. 1937இல் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. சட்டம் தேவையானதுதான், அது வந்திராவிட்டால் இன்று யானையே இருந்திருக்காது. ஆயினும் யானைகளைக் கொன்று குவித்தவர்களுக்கும், அவற்றை உயிரோடு பிடித்தவர்களுக்கும் கதவு ஒன்றாகவே மூடப்பட்டது. அரசாங்கம் அனுமதித்தால் மட்டும் பிடிக்கலாம் என்றானபின் பணிக்கரின் தொழில் சுருங்கி, அடுத்த தலைமுறையோடு நின்றுபோனது.

கதை அங்கே முடியவில்லை. கயிற்று வேட்டையில் இரண்டு பேர் இருந்தார்கள். துவக்கு வேட்டையில் ஒருவர் போதும் என்றானது. இன்று காட்டோரங்களில் நடப்பதில் ஆளே இல்லை. கட்டுத்துவக்கை மிருகம் நடக்கும் பாதையில் கட்டிவிட்டு ஆள் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறார். கம்பியில் கால் தட்டினால் வெடிக்கும். வருவது பன்றியா, யானைக்கன்றா, விறகு பொறுக்கப் போன மனுசியா என்று துவக்குக்குத் தெரியாது. ஹக்கப்பட்டாசு என்று சொல்லும் வாய்வெடியைத் தீனிக்குள் ஒளித்துவைத்துப் போகிறார்கள். கடித்த யானைக்கன்று தாடை சிதறி, தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. அதை வைத்தவர் அந்தச் சாவைக் காண்பதே இல்லை.

துணையோடு போவதில் பாதுகாப்பைவிடப் பெரிய விசயம் ஒன்று இருப்பது இங்கேதான் விளங்குகிறது. துணை என்பது சாட்சி. பக்கத்தில் ஒராள் நின்றால் "இது சினைமான், விடு" என்று சொல்ல ஒரு வாய் இருக்கும். "இன்றைக்குப் போதும்" என்று சொல்லவும் அந்த வாய் இருக்கும். தனியே போனவருக்கு அவரது மனச்சாட்சி மட்டுமே துணை. பொறியை வைத்துவிட்டுப் போனவருக்கு அதுவும் அந்த இடத்தில் இல்லை.

இன்றைக்கு நமது வட்டைகளில் யானைக்குப் பயந்து இரவுக்காவல் இருக்கும் விவசாயிகளை நினைத்துப் பார்க்கிறேன். இலங்கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களும் அதைவிடக் கூடுதலான யானைகளும் இந்தப் பகையில் சாகிறார்கள். முன்பு வேளாண்மைக் காவல் கூட்டாக நடந்தது. வாடிக்கு வாடி குரல் கொடுப்பார்கள். இப்போது ஆட்கள் குறைந்து, கூலி கூடி, ஒரு பரணில் ஒராள், கையில் ஒரு டோர்ச், ஒரு யானை வெடி என்று ஆகிவிட்டது. யானையின் காற்று, கால், கோபம் எல்லாம் அறிந்த ஒரு கூட்டம் நம்மிடையே இருந்தும், அந்த அறிவில் ஒரு துளிகூட இந்தப் பரணுக்கு வந்து சேரவில்லை.

இனி வர வழியில்லை என்று சொல்லிவிட முடியாது. ஏறாவூரிலும் அயலூர்களிலும் பணிக்கர் குடும்பங்களின் பேரன்மார் இருக்கிறார்கள். பழைய வார்க்கயிறு, பெட்டிக்குள் கிடக்கும் அனுமதிப் பத்திரம், மூத்தவர்கள் சொன்ன தடக்குறிகள், மந்திரம் போல் மனனம் செய்த எச்சரிக்கைகள் ஏதாவது வீட்டில் இருந்தால் பதிவு செய்யுங்கள். இந்தக் கட்டுரையை வாசிக்கும் இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்கிறேன். பதிவு செய்யப் போனால், "இந்த யானையைப் பிடித்தவர் யார்?" என்று கேட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். "கூடப் போனவர் யார்?" என்றும் கேளுங்கள். அந்தப் பெயரையும் எழுதுங்கள்.