பின்பால்: யோகமா, பயிற்சியா?

சாய்ந்த பலகை ஒன்றின்மேல் எஃகுக் குண்டு ஒன்று உருண்டு இறங்குகிறது. அதன் எடை ஏறத்தாழ 80 கிராம். இறங்கும் வழியில் அது தூண்களில் மோதுகிறது; வளைவுகளில் ஏறி இறங்குகிறது; விளக்குகளை எரியச் செய்கிறது. மோதிய ஒவ்வோர் இடத்திற்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. ஆடுபவன் கையில் இருப்பவை பலகையின் அடிப்புறத்திலுள்ள இரண்டு சிறு மட்டைகளே. அவற்றைக் கொண்டு குண்டைத் திரும்பத் திரும்ப மேலே தள்ள வேண்டும். இரண்டு மட்டைகளுக்கும் நடுவேயுள்ள இடைவெளியில் குண்டு விழுந்துவிட்டால் அது போயிற்று. பின்பால் என்று வழங்கும் ஆட்டம் இவ்வளவே.

இந்த ஆட்டத்தைக் கணிப்பொறித் திரையில் ஆடியவர் உங்களுள் பலர் இருக்கக்கூடும். ஒரே பலகையில் ஒருவன் சில இலட்சங்களோடு எழுந்து போகிறான். மற்றொருவன் கோடிகளைக் கடந்தும் முதற் குண்டையே ஆடிக் கொண்டிருக்கிறான். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? யோகமா? பயிற்சியா? விளையாட்டுப் பிள்ளைகள் கேட்கும் வினாவாகத் தோன்றினும், அமெரிக்க நாட்டில் இவ்வினா நகர மன்றங்களிலும் உயர்ந்த நீதிமன்றத்திலும் விசாரணைக்கு வந்தது. இதற்கு விடை காணாமல் ஒரு பெருநகரம் முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த ஆட்டத்தையே தடை செய்து வைத்திருந்தது.

ஆட்டத்தின் மூலம் பிரான்சு நாட்டில் உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்குச் செல்வர் மாளிகைகளில் பாகட்டெல் என்னும் மேசை விளையாட்டு வழங்கியது. கோலால் பந்தைத் தள்ளி, ஆணிகளுக்கு இடையேயுள்ள குழிகளில் விழச் செய்வார்கள். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறி, சின்சினாட்டி நகரில் தொழில் நடத்திய மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர் 1871-ல் இதற்கு ஒரு சீர்திருத்தம் செய்து காப்புரிமை பெற்றார். கோலுக்குப் பதிலாகச் சுருள்வில் பூட்டிய தண்டு வந்தது. அதை இழுத்து விட்டால் குண்டு மேலே பாயும். மேசை சிறுத்தது; சிறு கடைகளிலும் வைக்கத் தக்கதாயிற்று.

1931-ல் டேவிட் காட்லீப் 'பேஃபிள் பால்' என்னும் பொறியை வெளியிட்டார். பொருளாதார மந்தம் கடுமையாக இருந்த காலம் அது. ஒரு பென்னிக்குச் சற்று நேரம் கவலையை மறக்கலாம் என்றால் யார்தான் வர மாட்டார்கள்? ஏறத்தாழ 50,000 பொறிகள் விற்றன. ஆனால் அந்தப் பொறியில் மட்டைகள் கிடையா. குண்டை மேலே ஏற்றிவிட்டால் ஆடுபவன் செய்யக் கூடியது மேசையைச் சற்றே தட்டி அசைப்பது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஆணிகளின் விருப்பம்!

மேசையை அசைப்பதிலும் சிலர் அளவு மீறினார்கள்; தூக்கிச் சாய்த்தவர்களும் உண்டு. இதைத் தடுக்க ஹாரி வில்லியம்சு என்னும் பொறியமைப்பாளர் ஓர் உபாயம் செய்தார். சிறு தண்டின்மேல் ஓர் உருண்டையை வைத்து, மேசை மிகுதியாக அசைந்தால் அது விழுந்து ஆட்டம் நின்றுபோகும்படி அமைத்தார். பிற்காலத்தில் உருண்டைக்குப் பதிலாக வளையத்தினுள் தொங்கும் ஊசல் வந்தது. இதற்கு 'டில்ட்' என்று பெயர். இதன் சிறப்பு யாதெனில், அசைப்பதை இது அடியோடு விலக்கவில்லை. ஓர் எல்லை வரை இடங்கொடுத்தது. அந்த எல்லைக்குள் எவ்வளவு அசைக்கலாம் என்பதை அறிவதே பின்னர் ஒரு கலையாக வளர்ந்தது.

மட்டைகள் இல்லாத அக்காலத்துப் பொறிகளைச் சூதாட்டக் கருவிகள் என்று நகர அதிகாரிகள் கருதியதை முற்றிலும் பிழை எனல் இயலாது. சில பொறிகள் வென்றவனுக்குக் காசாகவே பரிசு தந்தன. பள்ளிச் சிறுவர்கள் சிற்றுண்டிக் காசை இதில் இழக்கிறார்கள் என்று நியூயார்க் நகர மேயர் லாகார்டியா சினந்தார். 1942-ல் நகரில் தடை வந்தது. காவலர்கள் கடைகளில் புகுந்து ஆயிரக் கணக்கான பொறிகளைக் கைப்பற்றினார்கள். மேயரே சம்மட்டி எடுத்துப் பொறிகளை உடைத்து நின்ற புகைப்படங்கள் இன்றும் உள்ளன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தடை அதற்கு முன்பே, 1939-ல் வந்துவிட்டது.

தடை வந்த ஐந்தாம் ஆண்டில், அந்தத் தடையின் காரணத்தையே அசைக்கும் மாறுதல் ஒன்று நேர்ந்தது. 1947-ல் காட்லீப் நிறுவனத்தின் ஹாரி மாப்சு, 'ஹம்ப்டி டம்ப்டி' என்னும் பொறியில் மின்விசையால் இயங்கும் ஆறு மட்டைகளைப் பக்கங்களில் பொருத்தினார். பிளிப்பர் என்பது அதன் பெயர். அடுத்த ஆண்டு ஸ்டீவ் கார்டெக் தமது 'டிரிப்பிள் ஆக்‌ஷன்' பொறியில் இரண்டே மட்டைகளைப் பலகையின் அடியில் வைத்தார். குண்டின் விதி அன்றுமுதல் ஆடுபவன் விரலுக்கு வந்தது. ஆனால் சட்டம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை அன்றோ? கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம், பின்பாலில் மேம்பட்டு நிற்பது திறமையே என்று கண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் தடையைச் செல்லாததாக்கியது 1974-ல்தான்.

நியூயார்க்கில் நடந்தது நாடகம் போன்றது. 1976-ல் நகர மன்றக் குழுவின்முன் ராஜர் ஷார்ப் என்னும் இளம் பத்திரிகையாளர் பொறியை ஆடிக் காட்ட வந்தார். அவருக்கென வைத்திருந்த பொறியில் சூழ்ச்சி இருக்கலாம் என்று ஐயுற்ற உறுப்பினர் ஒருவர், பக்கத்தில் நின்ற மாற்றுப் பொறியில் ஆடச் சொன்னார். ஷார்ப் ஆடினார், உறுப்பினர் முகத்தில் மாறுதல் இல்லை. இறுதியாக ஷார்ப், தண்டை இழுத்துக் குண்டை எய்யப் போகும் நேரத்தில், அது மேலேயுள்ள வழிகளுள் நடுவழியிற் செல்லும் என்று முன்கூட்டியே சொல்லி எய்தார். குண்டு நடுவழியிலேயே சென்றது. தடை நீங்கியது. அந்த எய்தலில் தமக்கும் சிறிது யோகம் இருந்ததாக ஷார்ப் பிற்காலத்தில் சொன்னார். ஆயினும் எங்கே போகும் என்று சொல்லி எய்யும் துணிவு யோகத்தால் வருவதன்று.

இனி, திறமை என்பது எதில் அடங்கியிருக்கிறது என்று பார்ப்போம்.

புதியவன் குண்டு வரக் கண்டவுடன் இரண்டு மட்டைகளையும் படபடவென்று அடிக்கிறான். தேர்ந்தவன் செய்யும் முதற் காரியம் அடிக்காமல் இருப்பதே. விரைந்து வரும் குண்டின்முன் மட்டையை அசைக்காது விட்டால், அது மட்டையின் ரப்பரில் துள்ளி எதிர்ப்பக்க மட்டைக்குச் சென்று சேரும். அதற்குள் வேகமும் தணிந்துவிடும். அப்போது அந்த எதிர் மட்டையை உயர்த்திப் பிடித்தால், மட்டைக்கும் பக்கச் சுவருக்கும் இடையேயுள்ள மூலையில் குண்டு அடங்கி நிற்கும். தொட்டிலில் குழந்தை கிடப்பது போல எனலாம். இன்னும் தேர்ந்தவர்கள், குண்டு வந்து தொடும் கணத்திலேயே மட்டை மேலெழுந்து முடியும்படி அடித்து, அதன் வேகத்தை முற்றும் உறிஞ்சிவிடுவார்கள். இதற்குக் கிடைக்கும் காலம் ஒரு நொடியில் மிகச் சிறிய பகுதியே.

குண்டு அடங்கி நின்றபின் இலக்கு வைக்கலாம். மட்டையைச் சற்றுத் தாழ்த்தினால் குண்டு அதன் அடியிலிருந்து நுனியை நோக்கி உருளும். நுனியருகே அடிபட்ட குண்டு எதிர்ப்பக்கத்தை நோக்கிச் சாய்ந்து பாயும். அடியருகே அடிபட்டது செங்குத்தாக மேலேறும். ஆகவே குறி பார்ப்பது என்பது உண்மையில் காலம் பார்ப்பதே. கோலி ஆட்டத்தில் கண்ணும் விரலும் அளக்கும் தூரத்தை, இங்கு விரல் காலமாக அளக்கிறது.

இந்தக் கைத்திறம் பாதிதான். மறுபாதி கணக்கு. 1980-களின் பிற்பகுதி தொட்டு ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு சட்டப் புத்தகமாகிவிட்டது. இன்ன வளைவில் இத்தனை முறை ஏறினால் இன்ன விளக்கு எரியும். அது எரியும்போது இன்ன இலக்கைத் தொட்டால் எண்ணிக்கை இருமடங்காகும். பெருக்கத்தை முதலில் ஏற்றி வைத்துக்கொண்டு, பிறகு பெரிய பரிசுள்ள இலக்கை அடிப்பவனுக்கும், அதே இலக்குகளை முன்பின்னாக அடிப்பவனுக்கும் அடிகள் ஒன்றே, பயன் ஒன்றன்று. பிரையன் எடி வடிவமைத்து 1995-ல் வெளிவந்த 'அட்டாக் ஃப்ரம் மார்ஸ்' இதற்குத் தக்க சான்று. அதில் எண்ணிக்கை நூறு கோடிகளாகவே பேசப்படும். பலகையின் நடுவே பறக்கும் தட்டு ஒன்று உண்டு. அதை அடிப்பது எளிது. ஆனால் நேராக அடிபட்டுத் திரும்பும் குண்டு மட்டைகளின் நடு இடைவெளியை நோக்கியே வரும். ஆதலின் வல்லவன் அதனைக் கண்டபோதெல்லாம் அடிப்பதில்லை. பக்க வளைவுகளால் பல குண்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டு, ஒன்று தவறினும் மற்றொன்று களத்தில் இருக்கும் வேளை பார்த்துத் தட்டைத் தாக்குகிறான். இரண்டே ஆண்டுகள் கழித்து அதே எடி செய்த 'மெடீவல் மேட்னஸ்' பொறியில் எண்ணிக்கை மீண்டும் கோடிகளாக இறங்கிற்று. ஆட்டமோ ஏறத்தாழ அதே அமைப்பு. எண்ணில் எத்தனை சுழிகள் என்பது அமைத்தவர் விருப்பமே அன்றி ஆடுபவன் பெருமை அன்று என்பதை மாணவர்கள் கருத வேண்டும். ஒரே பலகையில் இருவர் பெற்றதை ஒப்பிடுவதே நேர்மை.

இப்பலகை கணிப்பொறிக்குள் புகுந்த கதைக்கு வருவோம். 1981-ல் பில் பட்ஜ் 'ஆப்பிள் II' கணிப்பொறிக்கு 'ராஸ்டர் பிளாஸ்டர்' என்னும் ஆட்டத்தை எழுதினார். பின்னர் ஆடுபவரே பலகை அமைத்துக்கொள்ளும் 'பின்பால் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்' அவரிடமிருந்து வந்தது. 1995-ல் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 95-உடன் விற்ற 'பிளஸ்' தொகுப்பில் 'ஸ்பேஸ் கேடட்' இடம் பெற்றது. பின்னர் விண்டோஸ் எக்ஸ்பி வரை அது கணிப்பொறியோடு இலவசமாகவே வந்ததால், நம் நாட்டு அலுவலகங்களிலும் இணைய மையங்களிலும் பலர் கண்ட முதற் பின்பால் அதுவே ஆயிற்று. எஃகுக் குண்டுப் பொறியை ஒருபோதும் காணாமலே பின்பால் ஆடி வளர்ந்த தலைமுறை ஒன்று இவ்வாறு தோன்றியது.

கணிப்பொறிப் பலகையில் குண்டு இல்லை. குண்டைப் பற்றிய கணக்கே உண்டு. ஒவ்வொரு கணமும் குண்டு எங்கே இருக்கிறது, எதையேனும் தொட்டுவிட்டதா என்று பொறி கணக்கிட்டுக் கொண்டே இருக்கிறது. இக்கணக்கு பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 'ஸ்பேஸ் கேடட்' ஆட்டத்தை 64 பிட் கணிப்பொறிக்கு மாற்ற முயன்றபோது, குண்டு தான் மோத வேண்டிய பொருள்களின் ஊடே ஆவி போலப் புகுந்து சென்றதாம். பழைய நிரலில் தவறு எங்கே என்று காண இயலாமல் ஆட்டத்தையே கைவிட்டதாக அந்நிறுவனத்தின் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார்.

மிகப் பெரிய எண்ணிக்கைகள் இக்கணக்குப் பலகையில் விளைவதற்குக் காரணங்கள் பல. மரப் பலகையில் ரப்பர் தேய்கிறது, தூசி படிகிறது, மட்டையை இயக்கும் காந்தச் சுருள் சூடேறி வலு குன்றுகிறது. காலையில் பழகிய அடி மாலையில் தவறும். திரையில் இவை எல்லாம் இல்லை. நேற்றுக் குறிபட்ட காலத்தில் இன்று விசையை அழுத்தினாலும் குறி படும். கடைப் பொறிக்கு வேறொரு நோக்கமும் உண்டு: சில நிமிடங்களில் ஆட்டம் முடிந்து அடுத்த காசு விழ வேண்டும். ஆடுபவர்கள் தேர்ச்சி பெறப் பெற இலவச ஆட்டத்திற்குரிய எண்ணிக்கையைத் தானே உயர்த்திக்கொள்ளும் ஏற்பாடு, வில்லியம்சு நிறுவனத்தின் 'ஹை ஸ்பீட்' பொறியில் 1986-லேயே வந்துவிட்டது. வீட்டுக் கணிப்பொறி காசு கேட்பதில்லை. நடுவில் நிறுத்தி வைக்கவும் இடந்தருகிறது.

'ஸ்பேஸ் கேடட்' பலகையில் வல்லவர் செய்வதைப் பாருங்கள். கேடட் என்னும் கடைநிலையில் தொடங்கி ஃப்ளீட் அட்மிரல் வரை ஒன்பது பதவிகள் உள. இலக்குகளை அடித்துப் பணி ஒன்றை ஏற்று, அதை நிறைவேற்றினால் பதவி உயரும் விளக்குகள் ஏறும். களப்பெருக்கம் என ஒன்று தனியே உண்டு. அதற்குரிய மூன்று இலக்குகளை வீழ்த்த வீழ்த்த எண்ணிக்கை இரண்டு, மூன்று, ஐந்து, பத்து மடங்கு என்று உயரும். சற்று நேரம் கவனியாது விட்டால் படிப்படியாக இறங்கும். ஆதலின் தேர்ந்தவன் பணியில் மட்டும் கண்ணாயிராமல், இடையிடையே திரும்பி வந்து பெருக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிறான். குண்டு ஓரப் பள்ளத்தை நெருங்கும்போது மேசையை அசைக்கத் தனி விசைகள் உண்டு. மிகுந்தால் இங்கும் 'டில்ட்'தான். ஹாரி வில்லியம்சின் பழைய உபாயம் கணக்கிலும் உயிரோடு இருக்கிறது!

இவ்வாறு மணிக்கணக்கில் ஆடும் ஆட்டத்தில் சோதிக்கப்படுவது கைத்திறத்தினும் பொறுமையே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆபத்தில்லாத ஒரே வளைவை ஆயிரம் முறை அடித்துச் சேர்த்த எண்ணிக்கை வியப்புக்குரியது. அழகுக்குரியது என்று சொல்ல மனம் வரவில்லை. போட்டி நடத்துவோரும் இதனை உணர்ந்தே உள்ளனர். எஃகுக் குண்டுப் போட்டிகளில் பலகையின் சாய்வைக் கூட்டுவார்கள். 'டில்ட்' ஊசலை நுட்பமாக்குவார்கள். பக்கத் தூண்களின் ரப்பரைக் கழற்றிவிடுவதும் உண்டு. நீண்ட ஆட்டத்தைக் குறுக்கி, திறமையைச் சில நிமிடங்களுக்குள் காட்டச் செய்வதே கருத்து. அத்தகைய போட்டிகளில் உலக வெற்றி பெற்ற கீத் எல்வின், பின்னர் ஸ்டெர்ன் நிறுவனத்தில் சேர்ந்து 'அயர்ன் மெய்டன்' (2018), 'காட்ஸிலா' (2021) முதலிய பொறிகளைத் தாமே வடிவமைத்தார். எந்த அடி எளிது, எது ஆபத்து என்று ஆடிக் கண்டவரே இப்போது அந்த எளிமையையும் ஆபத்தையும் விலை வைத்துப் பலகையில் அடுக்குகிறார்.

திரையிலும் இதே நோக்கில் மாறுதல் வந்துள்ளது. புடாபெஸ்ட் நகரில் உள்ள ஜென் ஸ்டூடியோஸ் 2018 முதல் பழைய வில்லியம்சு பொறிகளைக் கணிப்பொறிக்கு ஏற்ப அமைத்து வெளியிட்டு வருகிறது. அவற்றில் முழு ஆட்டத்தோடு, ஒரே குண்டு, ஐந்து நிமிடம் என எல்லை வகுத்த சிறு போட்டிகளும் உண்டு. ஐந்து நிமிடத்தில் பொறுமைக்கு வேலை இல்லை. எந்த இலக்கை முதலில் அடிப்பது, பெருக்கத்திற்காக எத்தனை நொடி செலவிடுவது என்று குண்டு மேலேறும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.