தீபாவளி கிளீனிங்: முதுகு ஒடியாமல் முடிப்பது எப்படி?

ஏன் இவ்வளவு அலுப்பு?
மொத்த வேலையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், பெரும்பாலும் ஒரே ஆள் தலையில் விழுகிறது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம்.

எப்படிப் பிரிப்பது?
வாரத்துக்கு ஒரு அறை போதும். முதலில் வேண்டாததைக் கழித்துவிடுங்கள். பிறகு பரண், ஃபேன், அலமாரி, கடைசியாகத் தரை. மேலிருந்து கீழே வந்தால் ஒரே தூசியை இரண்டு தடவை பெருக்க வேண்டாம். "நானும் ஹெல்ப் பண்றேன்"னு சொல்றவருக்கு ஒரு முழு அறையையே ஒப்படைச்சிடுங்க.

எதில் கவனம்?
பிளீச்சையும் ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரையும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சுத் திணறும். பாத்ரூம் கழுவும்போது ஜன்னல், கதவு திறந்தே இருக்கட்டும்.