லூசியானாவின் சின்ன ஊர்களும் பழைய பதிவேடுகளும்

பிரான்சுவா மர்த்தேன் நம் ஊரில் கால் வைத்தது 1674-இல். அதற்கு எட்டு ஆண்டு கழித்து, 1682-இல், லா சால் என்ற பிரெஞ்சுக்காரர் மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தில் நின்று, அந்த ஆறு பாயும் நிலம் அத்தனையும் பதினான்காம் லூயி மன்னருக்குச் சொந்தம் என்று அறிவித்தார். மன்னர் பெயரால் லூசியானா என்று பெயரும் வைத்தார். அங்கே காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1719-இல் ஜான் லா என்பவர் பல கம்பெனிகளை ஒன்றாகச் சேர்த்து இந்தியக் கம்பெனி என்று ஒரே கம்பெனியாக்கினார். 1731 வரை லூசியானாவும் பாண்டிச்சேரியும் அந்த ஒரே கம்பெனியின் கையில் இருந்தன. இந்தப் பக்கம் துணி கப்பல் ஏறியது. அந்தப் பக்கம் செனகல் கரையிலிருந்து மனிதர்கள் கப்பலில் கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள். இரண்டு இடத்துக் கணக்கும் பிரான்சில் ஒரே முதலாளிகளிடம் போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தபோது மன்னர்களின் பட்டியல் இருந்தது. இந்தக் கணக்கு இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நம் வயதுக்காரர்கள் பலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில். போனால் நியூயார்க், நயாகரா, வாஷிங்டன் என்று சுற்றிக்காட்டிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஹூஸ்டன் பக்கம் பிள்ளை இருந்தால், காரில் கிழக்கே மூன்று நான்கு மணி நேரம் போனால் லூசியானாவின் சின்ன ஊர்கள் வந்துவிடும். என் மகள் அந்தப் பக்கம் இருப்பதால் நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். ஓடையோரம் கிளை விரித்து, பாசி சடைசடையாகத் தொங்கும் ஓக் மரங்கள், இரும்புக் கம்பி வேலைப்பாடு செய்த மாடித் தாழ்வாரங்கள், வெள்ளை அடித்த கோயில்கள். நம் ரூ துய்மா தெருவில் நடந்து பழகியவர்களுக்கு அந்த இடம் அந்நியமாகத் தோன்றாது. கோடையில் மட்டும் போகாதீர்கள். வெயிலும் புழுக்கமும் நம் ஊரைப் போலவே. புயல் காலமும் உண்டு.

முதலில் சொல்ல வேண்டிய ஊர் நாகிடிஷ். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தால் 'நாட்சிடோசெஸ்' என்று வரும். அப்படிச் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அது ஒரு பூர்வகுடி இனத்தின் பெயர். 1714-இல் ஜூஷெரோ த சேன் தெனி என்பவர் அங்கே வணிகச் சாவடி போட்டார். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கே நான்கு ஆண்டு மூத்தது. ஒரு காலத்தில் ரெட் ரிவர் ஆறு ஊரை ஒட்டி ஓடியது, படகுகள் வந்தன, பணம் புரண்டது. பிறகு ஆறு தடம் மாறி விலகிப் போய்விட்டது. பழைய தடத்தில் நின்ற தண்ணீர் இப்போது கேன் ரிவர் ஏரி. துறைமுகம் போனதால் ஊர் பெருக்கவில்லை. பெருக்காததால் பழைய வீடுகளை இடிக்கவும் இல்லை. கரையோரத் தெரு இன்றும் செங்கல் பாவியது. இறைச்சி பூரணம் வைத்து, நம் சோமாசி போலப் பிறை வடிவில் மடித்துப் பொரித்த பலகாரம் ஒன்று அங்கே பேர்போனது. டிசம்பரில் கரை முழுக்க விளக்கு அலங்காரம் செய்கிறார்கள். 1927-லிருந்து நடக்கும் வழக்கம்.

அழகு இத்தனையும் பார்த்த பிறகு, அந்த ஊர்க்காரி ஒருத்தியின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். மரி தெரேஸ் குவாங்குவாங் 1742-இல் சேன் தெனி வீட்டில் அடிமையாகப் பிறந்தவர். பெற்றோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பின்னர் மெத்வாயே என்ற பிரெஞ்சு வியாபாரியின் வீட்டுக்கு வாடகைக்கு அனுப்பப்பட்டார். மனிதரை வாடகைக்கு விடும் காலம் அது. அவருக்குப் பல பிள்ளைகள் பெற்றார். 1778-இல் மெத்வாயே அவரை விலைக்கு வாங்கி விடுதலை செய்தார். 1786-இல் அவர்கள் பிரிந்தபோது கொஞ்சம் நிலமும் ஆண்டுத் தொகையும் கிடைத்தன. அந்த நிலத்தில் புகையிலை பயிரிட்டு, மாடு வளர்த்து, அடிமைகளாகவே இருந்த தன் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் காசு கொடுத்து மீட்டார். பின்னாளில் அவரே அடிமைகளை வைத்திருந்தார் என்பதும் அதே காகிதங்களில் இருக்கிறது. அதை மறைத்துச் சொன்னால் வரலாறு ஆகாது. அவர் பிள்ளைகளின் வழிவந்தவர்கள் இன்றும் கேன் ரிவர் பக்கம் வாழ்கிறார்கள். மகன் ஒகுஸ்தேன் மெத்வாயே கட்டுவித்த சேன்ட் அகஸ்டின் கோயில் அவர்களுடைய கோயில். பக்கத்தில் மெல்ரோஸ் பண்ணை. அங்கே சமையல்காரியாக இருந்த க்ளெமென்டைன் ஹன்டர், எழுதப் படிக்கத் தெரியாதவர், பண்ணை வாழ்க்கையைச் சுவரிலும் பலகையிலும் வரைந்து பெயர் பெற்றார்.

எழுத்து அறியாத ஓர் அடிமைப் பெண்ணின் பிறப்பு, விற்பனை, விடுதலை, நிலம் இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிய வந்தது? காகிதம் இருந்தது. ஞானஸ்நானப் பதிவு கோயிலில். விற்பனைப் பத்திரம், விடுதலைப் பத்திரம் நீதிமன்றக் கட்டடத்தில். முப்பது ஆண்டுக்கு மேல் அரசு அலுவலகத்தில் பதிவேட்டுடன் வாழ்ந்தவன் நான். எனக்கு இந்த இடத்தில்தான் அந்த ஊர்கள் நெருக்கமாயின. லூசியானாவில் மாவட்டத்துக்கு 'பாரிஷ்' என்று பெயர். கோயில் பங்கு என்ற பழைய சொல் அப்படியே ஆட்சிச் சொல்லாக நிலைத்துவிட்டது. மொத்தம் 64 பாரிஷ்கள். ஒவ்வொன்றிலும் பத்திரங்களைக் காப்பவர் நீதிமன்றக் கிளார்க். அந்தக் கிளார்க்கை மக்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்! நம் அலுவலக நண்பர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

இரண்டாவது ஊர் நியூ ரோட்ஸ். புவேந்த் கூப்பே பாரிஷின் தலைமை இடம். பிரெஞ்சுக்காரர்கள் 'ஷ்மேன் நெஃப்', அதாவது புதுச்சாலை, என்று அழைத்ததை ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டார்கள். மிசிசிப்பி ஆறு 1722 வாக்கில் குறுக்கே வழி வெட்டிக்கொண்டு போய்விட, மிச்சம் நின்ற வளைவு 'பொய் ஆறு' என்ற பெயரில் ஏரியாக இருக்கிறது. கரையில் தூண் வைத்த வீடுகள், படகுத்துறை, மாலையில் தூண்டில் போடுகிறவர்கள். இவ்வளவு அமைதியான கரையை அடுத்துத்தான் 1795-இல், விடுதலைக்குச் சதி செய்தார்கள் என்று 23 அடிமைகளைத் தூக்கிலிட்டு, தலைகளை மிசிசிப்பி ஓரமாகக் கம்பங்களில் நட்டார்கள்.

1984-இல் க்வென்டலின் மிட்லோ ஹால் என்ற வரலாற்றுப் பேராசிரியை அந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பழைய கட்டுகளைப் பிரித்தார். அதில் அடிமைகளைப் பற்றிய விவரம் குவிந்து கிடந்தது. ஆங்கிலேயர் குடியேற்றங்களில் பெரும்பாலும் 'நீக்ரோ ஆண் ஒன்று' என்பதுபோல எழுதிவிட்டு மேலே போய்விடுவார்கள். இங்கே நொத்தேர் உட்கார்ந்து பெயர், வயது, தாய் யார், என்ன தொழில் தெரியும், என்ன நோய், ஆப்பிரிக்காவில் எந்த இனம் என்பது வரை எழுதியிருந்தார். பம்பாரா, வொலோஃப், மண்டிங்கா என்று இனங்களின் பெயர்கள் வந்தன. இரக்கத்தால் எழுதியதில்லை. நிலம் விற்பதுபோல ஆளை விற்பதற்கும் நொத்தேர் பத்திரம் வேண்டும். விற்கிற சரக்கு இன்னது என்று தெளிவாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். எழுதியவன் வாங்குகிறவனுக்காக எழுதினான். இருநூறு ஆண்டு கழித்து அது விற்கப்பட்டவனின் பேரப்பிள்ளைக்குப் பயன்பட்டது.

ஹால் அம்மையார் மற்ற பாரிஷ்களுக்கும் போய், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலப் பத்திரங்களைப் படித்து, பல ஆண்டு உழைத்து, ஒரு லட்சம் பேருக்கு மேல் கணினியில் பட்டியலிட்டார். 1992-இல் வந்த அவருடைய நூல் லூசியானா வரலாற்றைப் பார்க்கும் பார்வையையே மாற்றியது. 2014-இல் திறந்த விட்னி பண்ணை அருங்காட்சியகத்தில் அந்தப் பெயர்களைக் கருங்கல் பலகைகளில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வரிசைக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தேன். ழான், மரி, பியேர், பிரான்சுவாஸ். நம் பள்ளி வருகைப் பதிவேட்டில் கேட்ட பெயர்கள்.

அடுத்து செயின்ட் மார்ட்டின்வில்லும் புரோ பிரிட்ஜும். இரண்டும் தேஷ் என்ற ஓடைக்கரையில், ஒன்றுக்கொன்று அருகில். இவை அக்காதியர் ஊர்கள். கனடாவின் கிழக்குக் கரையில் இருந்த அந்தப் பிரெஞ்சுக் குடியானவர்களை 1755-லிருந்து ஆங்கிலேயர் கப்பலில் ஏற்றி நாலா திசையும் விரட்டினார்கள். ஒரு பகுதியினர் 1765 வாக்கில் இங்கே வந்து சேர்ந்தார்கள். 1785-இல் பிரான்சிலிருந்தும் ஏழு கப்பல்களில் வந்தார்கள். அக்காதியன் என்ற சொல்தான் தேய்ந்து 'கேஜன்' ஆனது. செயின்ட் மார்ட்டின்வில்லில் லாங்ஃபெல்லோவின் எவாஞ்சலின் காவிய நாயகிக்குக் கோயிலருகே சிலை இருக்கிறது. 1929-இல் படத்தில் நடித்த டோலோரஸ் டெல் ரியோ கொடுத்தது. பார்க்க வருகிறவர்கள் அங்கே படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சற்றுத் தள்ளி அக்காதியன் நினைவகத்தில் உண்மையில் வந்து சேர்ந்த அகதிகளின் பெயர்களைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். அந்தச் சுவர் முன்னால் தங்கள் குடும்பப் பெயரை விரலால் தேடுகிற பெரியவர்களைப் பார்த்தேன். என் கவுன்ட்டர் முன்னால் தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடி வந்து நின்றவர்களின் முகமும் அப்படித்தான் இருக்கும்.

புரோ பிரிட்ஜ் என்றால் 'புரோ வீட்டுப் பாலம்'. 1799-இல் பிர்மேன் புரோ ஓடைமேல் நடைபாலம் போட்டார். 1829-இல் அந்தக் குடும்பத்து விதவை ஸ்கொலாஸ்திக் பிக்கூ மனைகளாகப் பிரித்து வரைபடம் போட்டு விற்று ஊரை உண்டாக்கினார். அதுவும் ஒரு காகிதம்தான். இன்று ஊருக்குப் புகழ் ஓடை நண்டிறாலால். 1959-இல் மாநிலச் சட்டமன்றமே அதை 'உலக நண்டிறால் தலைநகர்' என்று அறிவித்தது. காரமாக வேகவைத்து மேசைமேல் கொட்டுவார்கள். நம் நாக்குக்கு ஒத்துவரும்.

இவ்வளவு இருந்தும் ஒன்று மனத்தை உறுத்தியது. 1803-இல் நெப்போலியன் லூசியானாவை ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றார். கொடி மாறியும் வீட்டில் பிரெஞ்சு நூறு ஆண்டுக்கு மேல் பிழைத்திருந்தது. அதை ஒடுக்கியது பள்ளிக்கூடம். 1921 அரசியல் சட்டம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்றது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகளை அடித்தார்கள். இனி பேசமாட்டேன் என்று நூறு முறை எழுத வைத்தார்கள். அடிபட்டவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அந்த மொழியைக் கொடுக்கவில்லை. 1968-இல் அரசே ஒரு மன்றம் அமைத்து பிரான்ஸ், பெல்ஜியம், கெபெக்கிலிருந்து ஆசிரியர்களை வரவழைக்க வேண்டியதாயிற்று. 2023-இல் புவேந்த் ஒ ஷியேன் என்ற சிற்றூரில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காகப் பிரெஞ்சுவழிப் பள்ளி திறந்தார்கள். நல்ல செய்திதான். ஆனாலும் இடையில் இரண்டு தலைமுறை போய்விட்டது. பாட்டியின் பத்திரம் பேரன் கையில் இருக்கிறது, படிக்கத் தெரியவில்லை.

நம் கதை முழுக்க அதுவே அல்ல. நமக்கு வீட்டு மொழி தமிழ். அதை யாரும் பறிக்கவில்லை. ஆனால் நம் காகிதங்கள் பிரெஞ்சில் இருக்கின்றன. 1881 ஆணைப்படி சொந்த வழக்கத்தைத் துறந்து குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டவர்களின் பதிவு, நொத்தேர் பத்திரம், எத்தா சிவில் ஏடு, சொல்தாக்களின் பென்ஷன் புத்தகம். நம் கரையிலிருந்தும் பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழர்களை அடிமைகளாக மொரீசியஸ், ரீயூனியன் தீவுகளுக்கு ஏற்றினார்கள். அந்தப் பெயர்களும் ஏதோ ஒரு கட்டில், அதே கம்பெனி எழுத்தரின் சாய்ந்த கையெழுத்தில் இருக்கும். அந்தக் கையெழுத்தைச் சரளமாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் எங்கள் வயதுக்காரர்கள்.

ஆகவே பிரெஞ்சுப் பள்ளியில் படித்த அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய பத்திரத்தை எடுத்து, பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு வரி பிரெஞ்சில் படித்து, ஒரு வரி தமிழில் சொல்லி, எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதில் வரும் பெயர்களை ஒன்று விடாமல் எழுதச் சொல்லுங்கள். வீட்டு வேலைக்காரரின் பெயர் சாட்சியாக வந்திருந்தால் அதையும் சேர்த்து.